மகராசியின் பிள்ளைகள்

அண்ணி எங்கள் வீட்டுக்கு இரண்டு பெட்டிகளோடும் ஒரு மீன் தொட்டியோடும் வந்தாள். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. தொட்டியை எங்கேயும் ஒளிக்க முடியவில்லை. மூன்றடி நீளம், தண்ணீர் நிரப்பிவிட்டால் நாலு பேர் சேர்ந்தாலும் அசையாது. கடைசியில் முன்னறையில், ஜன்னலை ஒட்டிய சுவரோரம் அது உட்கார்ந்துகொண்டது. துணி வெட்ட மேசை போட வேண்டும் என்று அம்மா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே இடத்தில்.

"வாயத் திறக்காத மருமக வேணும்னு கேட்டேன். வாயத் திறந்து திறந்து மூடுற மீனும் கூடவே வந்துடுச்சு" என்றாள் அம்மா. அண்ணி சிரித்தாள். மேசை வாங்கவில்லை. அம்மா தரையில் குனிந்தே வெட்டிக்கொண்டிருந்தாள். பகலில் வீட்டில் இருப்பது அம்மாவும் நானும்தான். நான் காஜா எடுப்பேன், பட்டன் தைப்பேன், தொட்டியைப் பார்ப்பேன்.

அதில் இருந்தது குள்ள சிக்லிட் என்ற ஜாதியில் ஒரு ஜோடி மீன். ஆணுக்கு நீண்ட செட்டைகள், நீலக் கோடுகள், எந்த வேலையும் செய்யாமல் உலாத்தும் நடை. அம்மா அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். வைக்கும்போது அண்ணனைத்தான் பார்த்தாள். பெண் அரை விரல் நீளம், சாம்பல் நிறம். அது மகராசி. கவிழ்த்து வைத்த உடைந்த பூந்தொட்டிக்குள் போய், அதன் கூரையில் முட்டைகளை ஒட்டிவிட்டு வெளியே வரும்போது மகராசி எலுமிச்சம்பழம்போல மஞ்சளாகிவிடுவாள். அதன் பிறகு மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. துரத்தித் துரத்திக் கடிப்பாள்.

இவ்வளவும் மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் நாலாம் நாள் முட்டைகளைக் காணோம். யாராவது கிட்டே போய்ப் பயமுறுத்தினால் தாயே தின்றுவிடுமாம். ஏழு வருடமாக மீன் வளர்க்கிறவள் அண்ணி. மற்ற ஜாதியெல்லாம் அவள் கையில் பெருகியிருக்கின்றன, இது மட்டும் போக்குக் காட்டியது. மூன்றாம் முறை அவள் சாப்பிடாமலே மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் தேய்க்கப் போனாள்.

அந்த வாரம், தைக்கக் கொடுத்த வெள்ளைக் கோட்டை வாங்க அடுத்த தெருப் பல் டாக்டர் வந்தார். தொட்டியைப் பார்த்துச் சொக்கிப்போனார். "குடுக்கிறதா இருந்தா சொல்லுங்கம்மா. பல்வலியோட உக்காந்திருக்கிறவங்க பாத்துக்கிட்டிருப்பாங்க."

அன்று சாயங்காலம் அம்மா அண்ணியைக் கூப்பிட்டாள். "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். குஞ்சு வந்தா தொட்டி இருக்கட்டும். வரலைன்னா டாக்டருக்கே குடுத்துடலாம். என் முதுகு ஒடியுதும்மா."

"சரி அத்தை" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். ஆனால் சுத்தமாக இருந்த ஃபில்டர் பஞ்சை இரண்டு தரம் கழுவினாள்.

நாலாம் முறை மகராசி மஞ்சளானதும் அண்ணி கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டிவிட்டாள். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. அம்மாவுக்கு அந்த மூலையில் திடீரென்று நிறையத் தூசி தெரிய ஆரம்பித்தது.

எட்டாம் நாள் மத்தியானம் என்னால் பொறுக்க முடியவில்லை. காகிதத்தின் ஒரு முனையை விரலால் தூக்கினேன். மஞ்சள் மகராசி மெல்ல நீந்திப் போகிறாள். அவளைச் சுற்றி, கடுகு அளவில், ஒரு மேகம்.

நான் கத்திவிட்டேன்.

அளவு கொடுத்துக்கொண்டு நின்ற பெண் திரும்பினாள். "அக்கா, உங்க பொண்ணுக்குப் பேச வருமா? ஊமைன்னுல்ல நினைச்சேன்!"

அம்மா கழுத்தில் டேப்போடு ஓடிவந்தாள். "எங்க? ஐயோ, எத்தனை! எப்படி மேய்க்கிறா பாரேன்!" அப்புறம் அம்மாவின் கையில் போன் ஏறியது. பஸ் டிப்போவில் அண்ணனுக்கு, இரண்டு சித்திகளுக்கு, மூன்று வாடிக்கைக்காரர்களுக்கு. அண்ணியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. நேரில் பார்க்கட்டும் என்று. அண்ணன் கிரீஸ் கையோடு கேக் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அண்ணி வந்ததும் தொட்டி முன்னால் மண்டியிட்டாள். பையிலிருந்து கடை லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தாள். நெடுநேரம் பார்த்தாள். பின்னால் அண்ணன் கேக் வெட்டத் தயாராக நின்றான்.

"என்னங்க, அந்தக் கத்தியக் கீழ வைங்க" என்றாள் திரும்பாமலே. "இது குஞ்சு இல்ல."

"பின்ன?"

"தண்ணிப் பூச்சி. நேத்து தீனிக்கு நான் போட்டது. குஞ்சுன்னா நீந்தும். இது குதிக்குது பாருங்க."

பூந்தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். காலி. இந்த முறையும் முட்டைகள் போய்விட்டன. முட்டையை இழந்த தாய் சில சமயம் பூச்சிகளைப் பிள்ளைகள் என்று கூட்டிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருக்கிறாளாம். பார்த்ததில்லையாம். "டாக்டர்கிட்ட சொல்லிடுங்க அத்தை. பேசினபடி ஆகட்டும்" என்று எழுந்தாள்.

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பூச்சி கூட்டத்தை விட்டுத் துள்ளி ஓடியது. மகராசி பாய்ந்து அதை வாயில் கவ்வினாள். தின்னவில்லை. கொண்டுவந்து கூட்டத்துக்கு நடுவில் துப்பினாள். இன்னொன்று ஓடியது. அதையும்.

"சோத்தத் திங்காம வளத்துக்கிட்டிருக்கா இந்தக் கிறுக்கி" என்றாள் அம்மா. தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இவளுக்கு வளக்கத் தெரியலைன்னு யாரு சொன்னது? புள்ளதான் இல்ல. எங்கயாவது கிடைக்குமா?"

"எது அத்தை?"

"புள்ளைங்கதான்! தாயில்லாதது, அனாதை, எதுவாவது. உங்க மீன்காரங்களுக்குள்ள விசாரிச்சுப் பாரு. தெரு பூராச் சொல்லி வச்சிருக்கேன், நாளைக்கு எந்த மூஞ்சியோட வெளிய போறது?"

அண்ணி நாலு பேருக்குப் போன் செய்தாள். நாலாவது ஆள் வீட்டு மாடியில் மீன் வளர்த்து விற்பவர். அவரிடம் இதே ஜாதியில் ஒரு தாய் முந்தாநாள் தொட்டியிலிருந்து குதித்துச் செத்துப்போயிருந்தது. குஞ்சுகள் முப்பது சொச்சம், அப்போதுதான் நீந்தத் தொடங்கியவை.

மறுநாள் காலையில் அண்ணி லீவு போட்டாள். துணைக்கு யார் என்று கேட்பதற்குள் அம்மா செருப்பு மாட்டியிருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் தனியாகச் சேர்ந்து வெளியே போனது அதுதான் முதல் தடவை. திரும்பி ஆட்டோவில் வரும்போது, குஞ்சுகள் இருந்த தண்ணீர்ப் பை அம்மாவின் மடியில்தான் இருந்ததாம். பிரேக் போட்டதற்கெல்லாம் டிரைவரைத் திட்டினாளாம். "சில தாய் சேத்துக்கும், சிலது விருந்துன்னு நினைச்சுக்கும், பாத்துக்கங்க" என்று மீன்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். தலைவலி என்று அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணனும் வந்து நின்றான்.

பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, ஒரு மணி நேரம்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"தண்ணி பழகணும் அத்தை."

"கல்யாணமாகி வந்தப்ப என்னை யாரு இப்படிப் பழக்கினாங்க?" என்றாள் அம்மா. ஆனாலும் காத்திருந்தாள்.

மெல்லிய குழாய் வழியாகக் குஞ்சுகளைப் பூந்தொட்டி வாசலில் இறக்கினோம். மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டு, கண்கள் மட்டும் கறுப்பாக. மகராசி வந்தாள். நின்றாள். செட்டையைக்கூட அசைக்கவில்லை. சட்டென்று குனிந்து ஒன்றை வாயில் எடுத்தாள்.

"முழுங்கிட்டா!" அம்மா அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மகராசி பூச்சிக் கூட்டத்தை நோக்கி நீந்தினாள். நடுவில் போய்க் குஞ்சைத் துப்பினாள். திரும்பி வந்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஏழாவதைத் தூக்கியபோது மற்றவை தாமாகவே அவள் பின்னால் கிளம்பிவிட்டன. அண்ணி சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி சிரித்தாள். அம்மா அவள் மணிக்கட்டை விடவேயில்லை. காய்ந்துபோன கேக்கை நான் வெட்டி ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்தேன்.

மாசக் கடைசியில் டாக்டர் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "குழந்தை குட்டி உள்ளவங்களை வீட்டக் காலி பண்ணச் சொல்லுவீங்களா டாக்டர்? நீங்களே சொல்லுங்க!" வைத்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கையறைச் சுவரை அளந்தாள். அண்ணன் கட்டிலை இன்னும் இரண்டடி தள்ளினால் மேசை வரும் என்றாள். "கால நீட்டித் தூங்கணும்னு என்ன சட்டமா?"

நேற்று சமையலறையில் அண்ணன் ஒரு பெரிய மூடியைக் கீழே போட்டான். வீடே அதிர்ந்தது. மகராசி உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினாள். அவ்வளவுதான், முப்பது பிள்ளைகளும் அப்படியே மணலில் படிந்து, ஒன்றுகூட அசையவில்லை. அவள் செட்டையைத் தளர்த்திய பிறகுதான் எழுந்தன.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தை பேசல. எல்லாம் உக்காந்துடுச்சு. நான் காலையிலேருந்து சாப்பிட உக்காருங்கன்னு கத்துறேன்."

நாங்கள் மூன்று பேரும் சட்டென்று உட்கார்ந்துவிட்டோம்.