இதுக்குக் கீழ எழுத வேண்டாம்

எனக்குக் கோவம் சட்டுனு வந்துரும். கோவில்பட்டியில சேக் முகம்மது கம்ப்யூட்டர் கடைன்னு கேட்டாலே, "அந்தச் சிடுமூஞ்சி அண்ணாச்சியா?"ன்னுதான் கேப்பாங்க. கேக்கட்டும். நான் சொல்ல வந்ததும் அந்தக் கோவத்தப் பத்தித்தான்.

என் தம்பி அப்துல் வாஹித் மௌத்தாகி ரெண்டு மாசம் ஆவுது. கயத்தாத்துல, அவன் மாமியா வீட்டோடதான் இருந்தான். இங்கேருந்து பஸ்ஸுல முக்கா மணி நேரம். நாலு வருசமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல. நான் பேசி முடிச்ச பொண்ண வேண்டாம்னுட்டு அவனாப் பாத்து தௌலத் பேகத்த நிக்காஹ் பண்ணிக்கிட்டான். நான் போகல. "நீ எனக்குத் தம்பியே இல்ல"ன்னு ஒரு மெயில் போட்டேன், போன்ல அவன் நம்பரையும் அடைச்சு வச்சேன். அதுக்குப் பொறவு அவன் எழுதுவான் எழுதுவான்னு பாத்தேன். சின்னவன்லா, அவன்தான இறங்கி வரணும்? ஒரு வரி வரல. சீக்காக் கெடக்கான்னு அடுத்தவங்க சொல்லித்தான் தெரியும். அப்பவும் போகல. ஜனாஸா அடக்கத்துக்கு மட்டும் போயி, மூணு பிடி மண்ணப் போட்டுட்டு, யார் மூஞ்சியும் பாக்காமத் திரும்பிட்டேன். "சாகுத வரைக்கும் ஒரு வரி எழுத மனசு வரலயாலே உனக்கு"ன்னு ரெண்டு மாசமா உள்ளுக்குள்ள அவன வைஞ்சுக்கிட்டேதான் இருந்தேன்.

எங்கிட்ட ஒரு பலகை இருக்கு. மரப்பலகை இல்ல, கம்ப்யூட்டர்ல. இருவது வருசத்துக்கு முன்னாடி நானே உருட்டி உண்டாக்குனது. கடை மெயிலுக்கு ‘பலகைக்கு’ன்னு போட்டு யாரு சேதி எழுதினாலும் மென்பொருள் அத எடுத்து எல்லாரும் பாக்குத மாதிரி ஒட்டி, மெயில்லயும் அனுப்பிரும். எந்த ஊருல உழவு மழை, யாரு உளுந்து வெதச்சாச்சு, எந்தக் கிடையில ஆடு நிக்கி, எல்லாம் அதுல வரும். வாட்ஸ்அப் வந்த பொறவும் ஒரு நூறு பேரு அத விடல.

போன புதன்கெழமை எப்போதும்வென்றான் சுப்புத்தாய் படியேறி வந்தா. ஆடும் வச்சிருக்கா, அஞ்சு ஏக்கர் கரிசலும் வச்சிருக்கா. என் கோவத்துக்குப் பயப்படாத ஒரே ஆளு.

"ஏன் அண்ணாச்சி, நாங்க உங்களுக்கு என்ன பாவம் செஞ்சோம்? எம்மவன் மாயகிருஷ்ணன் புனேயிலருந்து மழை உண்டுமான்னு கேட்டு எழுதுதான். ஒடனே மூஞ்சியில அடிச்ச மாதிரி பதில் போடுதீங்களாமே?"

"நானா? எனக்கு வேற வேல இல்லயா?"

"உங்க பேருதான் போட்டிருக்கு. இந்தா பாருங்க."

போன வாங்கிப் பாத்தேன். "இந்தப் பேச்சு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. இனிமே இதுக்குக் கீழ எழுத வேண்டாம். - சேக் முகம்மது."

அட, இது நான் எழுதினதுதான். அஞ்சு வருசத்துக்கு முன்னாடி. நம்ம ஆளுவகிட்ட ஒரு பாழாப் போன பழக்கம், எவனும் புதுசா மெயில் தொறந்து எழுத மாட்டான். கண்ணுல பட்ட பழைய மெயில்ல ‘ரிப்ளை’ய அமுக்கி, சம்பந்தமே இல்லாத சேதிய எழுதி விட்டுருவான். மழைச் சேதிக்குக் கீழ கெடா விலை, அதுக்குக் கீழ காதுகுத்துப் பத்திரிகை. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போயி, ஒரு நாள் ஒரு விதி எழுதிப் போட்டேன். ஒரு வருசத்துக்கு மேல பழசானதுக்கு எவனாவது பதில் எழுதினா அத ஒட்டாத, ஓரமாத் தள்ளு, இந்த ரெண்டு வரிய அவன் மூஞ்சியில வீசு. தள்ளுன எடத்த நான் ஒரு நாளும் தொறந்தது கெடையாது. அனுபவிக்கட்டும் பயலுவன்னு இருந்துட்டேன்.

"நானே போட்டேன்னு சொல்லுதியே தாயி, இது மிஷின் போடுதது. இரி, பாக்குதேன்."

ஒவ்வொரு மெயிலுக்கும் மேல, படிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாம, ‘ஹெட்டர்’னு ஒரு தலைப்பகுதி உண்டு. தபால் உறை மேல எழுதுதோம்லா, அது மாதிரி. யாரு அனுப்புனது, எந்தத் தேதி, எந்த மெயிலுக்குப் பதிலுன்னு அதுல இருக்கும். தள்ளுன எடத்துல கெடந்த மாயகிருஷ்ணன் மெயில்ல பேரு சரி, தேதி சரி. ‘எதுக்குப் பதில்’ங்குற வரியில பாத்தா, மூணு வருசத்துக்கு முன்னாடி அவன் சர்ட்டிபிகேட் காப்பி விசயமா நான் அவனுக்குத் தனியா எழுதின மெயிலு. அது பலகைச் சேதியே இல்ல! ஆனா கடைக்கும் பலகைக்கும் என் சொந்த விசயத்துக்கும் நான் வச்சிருக்கது ஒரே முகவரி. பலகைச் சேதிய மட்டும் பிடின்னு நான் விதியில எழுதல. அது எல்லாத்தையும் பிடிச்சிருக்கு.

வேற யாரு யாரு மாட்டியிருக்காங்கன்னு பாக்கத்தான் அந்த ஓரத்த முழுசாத் தொறந்தேன். இருநூத்திப் பதினாலு கெடந்துச்சு. பேரு பேரா எறக்கிக்கிட்டே வந்தேன்.

அப்துல் வாஹித். அப்துல் வாஹித். மறுபடியும் அப்துல் வாஹித்.

பதினோரு மெயிலு. அவனும் ஒரு வருசம் முறுக்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கான், அதுக்குப் பொறவு எழுதியிருக்கான். எதுக்குப் பதிலா? நான் கடைசியா அனுப்புன, "நீ எனக்குத் தம்பியே இல்ல"ங்குற மெயிலுக்கு. அதுலதான் ரிப்ளைய அமுக்கியிருக்கான், என் தம்பி.

"அண்ணே, தப்பு எம்மேலதான். வந்து நாலு வார்த்தை ஏசிட்டாவது போங்க"ன்னு மொதல் மெயிலு. அஞ்சாவதுல, "பொண்ணு பொறந்திருக்கா. நம்ம அம்மா பேர வைக்கட்டுமா? நீங்க சரின்னு சொன்னாத்தான் வைப்பேன்." கடைசி மெயிலு அவன் மௌத்தாகுததுக்கு ஒம்பது நாளைக்கு முன்ன. "நாளைக்கு ஆஸ்பத்திரியில சேக்காங்க. ஒரு தடவ வந்துட்டுப் போங்கண்ணே."

"என்ன அண்ணாச்சி, கரண்டு கிரண்டு அடிச்சிருச்சா?"ன்னு சுப்புத்தாய் கேட்டா. நான் அழுததப் பாத்துட்டு அவளே ஸ்கிரீனப் படிச்சா. எழுத்துக்கூட்டித்தான் படிப்பா, ஆனாலும் படிச்சு முடிச்சா. "இங்கன உக்காந்து அழுது என்ன செய்ய? போயி உங்க தம்பி பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க. எந்திரிங்க"ன்னா.

கயத்தாத்துக்குப் போனேன். தௌலத் இத்தாவுல இருக்கா. புருசன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாள் வேத்து ஆம்பள முன்னால வரக் கூடாது. திரைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் பேசுனா. புள்ளை மட்டும் திரையத் தள்ளிக்கிட்டு வந்து என்னயப் பாத்துச்சு. ரெண்டு வயசு.

"பேரு என்னம்மா?"ன்னு கேட்டேன்.

"ஷிரின்"னு உள்ளேருந்து அவ சொன்னா. "வேற பேருதான் வைக்கணும்னு இருந்தாவ. நீங்க வேண்டாம்னுட்டீங்க."

அவ விடல. "பதினோரு தடவயும் ஒரே வார்த்தையத்தான அனுப்புனீங்க மச்சான். ஒரு தடவயாச்சும், எப்படி இருக்கன்னு கேட்டிருக்கக் கூடாதா?"

"அது நான் இல்லம்மா"ன்னு அவசர அவசரமா எல்லாத்தையும் சொன்னேன். விதி, ஹெட்டர், முகவரி, மிஷின், எல்லாம். சொன்னா என் பாரம் கொறையும்னு நெனச்சேன். அல்லாவே, அப்பவும் எனக்கு என் பாரந்தான் பெருசு.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவ மெதுவாச் சொன்னா:

"எழுதி அனுப்பிட்டு, அவிய போனக் கையிலயே வச்சிருப்பாவ. ஒரு நிமிசத்துல பதில் வந்துரும். ‘பாத்தியாட்டி, அண்ணன் கடையிலதான் இருக்காவ. நான் எழுதினா ஒடனே படிச்சிருதாவ. ஏசுனாலும் படிச்சிருதாவ’ன்னு சிரிப்பாவ. ஆஸ்பத்திரிக்குப் போகுதப்பவும் அதத்தான் சொன்னாவ."

பொறவு அவளே கேட்டா:

"அப்போ அவிய எழுதினத யாருமே படிக்கலயா மச்சான்?"

"இல்லம்மா"ன்னேன்.