முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு, இலத்தீன் அமெரிக்காவில் ஈக்வடார் எல்லைக்கு அருகேயுள்ள பாஸ்தோ நகரத்துத் தெற்கு மலைப் பல்கலைக்கழகத்தின் உலர்தாவரக் காப்பகத்துக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெற்றுக்கொண்டவர் காப்பகத் தலைவர், பேராசிரியர் லிஹியா இன்சுவாஸ்தி. வயது அறுபத்து மூன்று. பணியில் முப்பத்தேழாம் ஆண்டு. எழுதியவர், யென்ஸ் என்ற தாவரவியலாளரின் மனைவி. "என் கணவரின் மின்னஞ்சல்களை நான்தான் பார்த்துவருகிறேன். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் நிறுவனம் ஒன்று, உங்கள் பல்கலைக்கழகம் அவர் பெயரைக் கொடுத்ததாகச் சொல்லி, உலகில் சிறந்தவை எவை என்று அவரிடம் கேட்டிருக்கிறது. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் இரங்கல் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உயிரோடு இருந்திருந்தால் உங்களைத்தான் முதலில் எழுதியிருப்பார்."

லிஹியா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பூட்டிய இழுப்பறையைத் திறந்து, பச்சை அட்டை போட்ட பரிமாற்றக் குறிப்பேட்டை எடுத்தார். காப்பகங்கள் ஒன்றுக்கொன்று செடி அனுப்பிக்கொள்வது வழக்கம். ஒரே செடியில் நான்கு கிளை பறித்தால் ஒன்று இங்கே தங்கும். மற்றவை பிராகுக்கும் கியோத்தோவுக்கும் ஆர்ஹூசுக்கும் போகும். அங்கிருந்து அவர்களுடையது வரும். யார் யாருக்கு என்ன போயிற்று என்பது முழுவதும் அந்தக் குறிப்பேட்டில் இருந்தது. முதல் பக்கத்து முதல் வரியில் தங்கள் காப்பகத்தின் பெயர், அதன் கீழே நாற்பத்தோரு நாடுகளைச் சேர்ந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், முகவரிகள். இறந்தவர்களின் பெயரை அவர் அடிப்பதில்லை. பரிமாற்றம் மனிதரோடு அல்ல, அவர் விட்டுச்சென்ற அலமாரியோடு என்பது அவர் கொள்கை. பெயருக்கு எதிரே பென்சிலில் ஒரு சிறு சிலுவை மட்டும் போடுவார். அப்படிப் பதினொரு சிலுவைகள் இருந்தன. ஆறாம் பக்கத்தில் யென்ஸ், சிலுவையோடு இருந்தார்.

பல்கலைக்கழகத்தில் அந்த முகவரி வேறு எங்கும் இல்லை. குறிப்பேடு அந்த அறையை விட்டு வெளியே போனது ஒரே ஒரு முறைதான். ஜனவரியில், கறுப்பர் வெள்ளையர் திருவிழாவில் ஒருவர்மேல் ஒருவர் தூவிய மாவுப்பொடி கூரை ஓரங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த வாரத்தில், திட்டப் பிரிவின் தலைவர் எர்னாந்தோ புர்பானோ, இலையில் மடித்து அவித்த கிம்போலித்தோ ஆறு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். காப்பகத்தின் எண்பதாம் ஆண்டு விழாவுக்கு உலகத்திலுள்ள நண்பர்களையெல்லாம் அழைக்க வேண்டும், முகவரிகள் வேண்டும் என்றார். அவர் மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவர் லிஹியா. அந்த உறவில் அவர் இவரைக் கொமாத்ரே என்பார், இவர் அவரைக் கொம்பாத்ரே என்பார். இருபத்து மூன்று ஆண்டுகளாக அப்படித்தான். குறிப்பேடு இரண்டே நாளில், மூலை மடங்காமல், காகிதத்தில் சுற்றி, திரும்பி வந்தது. மனிதர் ஒழுங்கானவர் என்று லிஹியா அன்று நினைத்துக்கொண்டார். மார்ச் ஆகியும் ஒருவருக்கும் அழைப்பு போகவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். எர்னாந்தோ எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கடிதத்தைப் படித்தார், வெட்கப்படவில்லை.

"அடடா, செத்தவங்களும் இருந்தாங்களா? தட்டச்சுப் பொண்ணு சிலுவையைப் பார்த்துட்டு, ரொம்ப பக்தியுள்ள ஆளுங்கபோலன்னு நினைச்சிருப்பா."

"சிரிப்பு வரலை, கொம்பாத்ரே. விழா அழைப்புன்னுதானே சொன்னீங்க?"

"அழைப்பும் உண்டு. கொஞ்சம் உக்காருங்க."

அவர் ஒரு தாளில் வட்டம் வரைந்து அதைப் பிரித்துக் காட்டினார். நூறு மதிப்பெண். அதில் நாற்பது, பிற நாட்டுப் பேராசிரியர்கள் நம்மைச் சொல்கிறார்களா என்பதற்கு. இருபது, நம் ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மேற்கோள், அதாவது பிறர் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டப்படுகிறார், என்பதற்கு. இருபது, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பதற்கு. மீதி, வெளிநாட்டு ஆசிரியர், வெளிநாட்டு மாணவர், இன்ன பிற. யாரைக் கேட்பது என்று அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நானூறு பெயர் வரை தரலாம்.

"பாடம் எப்படி நடத்துறோம்ங்கறது இதுல எங்க வருது?" என்று லிஹியா கேட்டார்.

"எங்கயும் வராது. அதை எப்படி அளக்கறது? சொல்லுங்க பார்ப்போம்."

"அளக்கத் தெரியலைன்னா, அளக்கத் தெரியலைன்னு எழுதணும்."

"எழுதினா அந்தப் பட்டியலை யாரு வாங்குவா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "கொமாத்ரே, நம்ம பொருளாதாரத் துறையைப் பிராகுல எவனுக்குத் தெரியும்? மருத்துவத் துறையை ஈக்வடார் எல்லை தாண்டினா யாருக்குத் தெரியும்? உங்க செடிங்க மட்டுந்தான் உலகம் சுத்தியிருக்கு. நம்ம பேரைச் சொல்ல உங்க ஆளுங்கதான் இருக்காங்க. நம்ம இடம் மேல ஏறினா அமைச்சகம் பார்க்கும், பணம் தரும். உங்க கூரையை முதல்ல மாத்தித் தரேன். இது என் வாக்கு."

கூரை, பெரணி அலமாரிகளுக்கு மேலே மூன்று இடத்தில் ஒழுகியது. உலர்ந்த செடிகள் ஒட்டிய நாற்பத்தோராயிரம் தாள்களில் ஈரம் ஏறினால் பூஞ்சை எந்தத் தாளோடும் நிற்காது. ஆறு ஆண்டுகளாக எழுதிய பதினேழு விண்ணப்பங்களுக்கும் பதில் இல்லை. லிஹியா கடிதத்தை மடித்தார். தாம் சொல்ல வந்த சொற்கள் அனைத்தும் சரியான வரிசையில் நாக்கில் நின்றன. ஆனால் அவர் சொன்னது வேறு.

"துத்தநாகத் தகடு வேண்டாம். ஓடு போடுங்க."

இதற்காகத்தான் பின்னாளில் அவர் தம்மை மன்னிக்கவில்லை. அந்த மாதம் பிராகிலிருந்தும் கியோத்தோவிலிருந்தும் பழைய நண்பர்கள் கேட்டு எழுதினார்கள்: இது உண்மையான கணிப்புத்தானா, உங்களைக் குறிப்பிடலாமா? "உங்கள் மனச்சாட்சிப்படி செய்யுங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். அவர்கள் மனச்சாட்சி எந்தப் பக்கம் சாயும் என்பது அவருக்குத் தெரியும். நல்ல செடியை, சரியான பெயரோடு, சொன்ன தேதியில் முப்பத்தேழு ஆண்டுகள் அனுப்பியவரை அவர்கள் எப்படிச் சொல்லாமல் இருப்பார்கள்?

ஜூன் மாதம் பட்டியல் வந்தது. பல்கலைக்கழகம் இலத்தீன் அமெரிக்க வரிசையில் நூற்று முப்பத்தெட்டு இடம் மேலே ஏறியிருந்தது. நுழைவாயிலில் பதாகை கட்டினார்கள். மதியம் வாத்தியக் குழு வந்தது. பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டர் பேசும்போது எர்னாந்தோவின் தோளைத் தட்டினார். செடிகளை ஒட்டிப் பதம்செய்யும் தொழில்நுட்பர் செகுந்தோ ஹொஹோவா, முதல் பக்கத்தில் அந்தச் செய்தி வந்த நாளிதழை அந்த விழாவிலிருந்து ஒரு கட்டாகக் கொண்டுவந்து, அன்று பறித்த பனிமேட்டுச் செடிகளுக்கு இடையே வைத்து அழுத்தினார்.

"நல்ல தாளு, டாக்டரம்மா. ஈரத்தை நல்லா இழுக்குது. ரெக்டர் முகத்து மேல ஒரு பாசியை வச்சிருக்கேன், பார்க்கறீங்களா?"

"கூரைக்காரங்க வந்தாங்களா?"

"வாத்தியக்காரங்க வந்தாங்க," என்றார் செகுந்தோ.

ஓடு ஜூலையிலும் வரவில்லை. ஆகஸ்டு 20ஆம் நாள், ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் வந்தது. மூன்றாம் பொருள்: 'மேற்கோள் விகிதத்தைச் சீர்செய்தல்.' லிஹியா அதை நின்றபடியே படித்தார். ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மேற்கோள் என்ற கணக்கில், மேற்கோளைக் கூட்ட ஆண்டுகள் ஆகும். ஆசிரியரைக் குறைக்க ஒரு கையெழுத்துப் போதும். மேற்கோள் குறைந்தவர்களை ஆசிரியர் பட்டியலிலிருந்து எடுத்துத் தொழில்நுட்பப் பணியாளர் பட்டியலில் சேர்த்துவிட்டால் விகிதம் தானே உயரும். இணைப்பில் பெயர்கள் இருந்தன. காப்பகத்தின் நான்கு ஆசிரியர்களும் முதல் நான்கு வரிகளில் இருந்தார்கள். லிஹியாவுக்கு நேரே மேற்கோள் எண்ணிக்கை பதினான்கு. அவர் முதன்முதலாக விவரித்த ஒன்பது செடிகளின் பெயருக்குப் பின்னால், உலகின் எந்த நூலிலும், அவர் குடும்பப் பெயர் சுருக்கமாக வரும். அது மேற்கோள் ஆகாது.

செகுந்தோ தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என் பட்டியலுக்கு வரீங்களா, டாக்டரம்மா? வாங்க. காலைல காப்பி போடறது உங்க முறை."

லிஹியா சிரிக்க முயன்றார். தாளைக் கீழே வைத்தார்.

22ஆம் நாள் கூட்டத்தில் அவருக்குப் பேசும் உரிமை உண்டு, வாக்கு இல்லை. எர்னாந்தோ அட்டவணையைத் திரையில் போட்டு, நிதானமாக, பிழையில்லாமல் விளக்கினார். லிஹியாவின் பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை. முறை வந்ததும் லிஹியா எழுந்து நின்றார்.

"ஒரே கேள்விதான். நாம ஏறின நூற்று முப்பத்தெட்டு இடத்துல, என் குறிப்பேட்டுப் பெயருங்களால ஏறினது எத்தனை?"

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"அதைப் பிரிச்சுப் பார்க்க முடியாது, கொமாத்ரே," என்றார் எர்னாந்தோ. "அளவு முறையில அப்படி ஒரு கட்டமே இல்லை."

"இங்க நான் உங்களுக்குக் கொமாத்ரே இல்லை. கூரை?"

"துறையே இல்லாத கட்டடத்துக்கு எப்படிக் கூரை கேக்கறது, பேராசிரியரே? நீங்களே சொல்லுங்க." குரலில் கடுமை இல்லை, உண்மையாகவே அவரிடம் விடை எதிர்பார்ப்பவர்போல் இருந்தது. அதுதான் லிஹியாவால் தாங்க முடியாததாக இருந்தது. பகைவன் செய்திருந்தால் பகையோடு செய்திருப்பான். இவர் ஞானஸ்நானத்தன்று குழந்தையை லிஹியாவின் கையில் கொடுத்த அதே முகத்தோடு செய்கிறார்.

ஆட்சிக்குழு முடிவு செய்தது பின்வருமாறு. எட்டு வாக்குகள் ஆதரவு, மூன்று எதிர்ப்பு. உலர்தாவரக் காப்பகம் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து கல்வித் துறையாக இராது. அதன் நான்கு ஆசிரியர்களும் அதே ஊதியத்தில் தொழில்நுட்பப் பணியாளர்களாக மாற்றப்படுவார்கள். நாற்பத்தோராயிரம் தாள்களும் மூன்று தவணைகளில் தலைநகருக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள காப்பகம் ஒன்றில் வைப்பாக ஒப்படைக்கப்படும். கட்டடம் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்துக்கு ஒதுக்கப்படும். கூரை அதன்பின் மாற்றப்படும். பரிமாற்றக் குறிப்பேடு பல்கலைக்கழகத்தின் சொத்து. அடுத்த ஆண்டுக் கணிப்புக்காகத் திட்டப் பிரிவில் வைக்கப்படும்.

குறிப்பேடு ஆகஸ்டு 30ஆம் நாள் காலை பத்து மணிக்கு ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொண்ட எழுத்தர், விதிப்படி, அதன் நிலையைப் பதிவுசெய்தார்: பச்சை அட்டை, தொண்ணூற்றாறு பக்கம், கிழிசல் இல்லை. பெயர்களுக்கு எதிரே பென்சில் சிலுவைகள் பன்னிரண்டு. பன்னிரண்டாவது, முதல் பக்கத்து முதல் வரியில், காப்பகத்தின் சொந்தப் பெயருக்கு எதிரே உள்ளது, பெயர் அடிக்கப்படவில்லை.