பால் கறை

பத்து மணிக்கே பால் எடுத்து முடித்துவிட்டு, முக்கால் வாளி ரப்பர் பாலோடு யோசப் ஏழாம் நம்பர் மலை அடியில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டிய பால். வெயில் ஏறினால் திரைந்துவிடும். ஆனால் கல்யாணப் படம் பிடிக்க வந்தவர்கள் விடுகிற மட்டும் அங்கேயே நிற்கும்படி தோட்டத் தொரை சொல்லி அனுப்பியிருந்தார்.

பக்கத்து லயத்து வீட்டு சூசையம்மா வாளியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குக் கல்யாணம் யோசப்பு?"

"ஒருத்தருக்குமில்ல."

"பின்ன எதுக்குப் பந்தல்?"

"படத்துக்கு."

"அப்ப சோறு?"

"அதுவும் படத்துலதான். பார்த்துட்டுப் போ."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். யோசப்புக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமே இல்லாமல் மாலை மாற்றுகிற கூட்டத்தை எப்படி நம்புவது? ஆனால் அந்தப் பந்தலை ஜோடித்தது அவருடைய மகள் எஸ்தர். மூன்று வருஷமாகக் கேகாலையில் ஒரு பிரைடல் சலூனில் பொண்ணுகளுக்குச் சேலை கட்டிவிடுகிறாள். சலூன் விளம்பரத்துக்கான இந்தப் படம் முழுக்க அவளுடைய யோசனை. கொப்பியில் பென்சிலால் வரைந்து, சலூன் நடத்தும் மேடத்திடம் காட்டி, சரி என்று சொல்லவைத்ததும் அவள்தான். சரியாக வந்தால் அடுத்த மாதத்திலிருந்து அவளே தனியாக ஜோடிக்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தார்.

இரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவே கம்பி இழுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்த, பால் பிடிக்கும் சிரட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுதிரி. படத்துக்குப் பொண்ணாக வந்தவள் கையில் ரோசாப்பூ இல்லை. உதிர்கிற காலத்தில் சிவந்துபோகிற ரப்பர் இலைகளைப் பொறுக்கிச் செண்டாகக் கட்டி, அதன் நடுவில் அவருடைய பழைய பால் கத்தியைச் செருகியிருந்தாள். நாற்பது வருஷம் மிதித்து நடந்த இலை இவ்வளவு வடிவாக இருக்குமென்று யோசப் நினைத்ததில்லை.

முந்தின நாள் பின்னேரமே அவள் சொல்லிவிட்டாள். "கடைசிப் படத்துல நீங்க சிரட்டையில இருந்து பொண்ணு கையில பால் ஊத்தணும்பா. ரப்பர் பால் வேணாம், பட்டுல பட்டா செத்தாலும் போகாது. டீக்குப் போடுற மாப்பால் கரைச்சுப் போத்தல்ல வச்சிருக்கேன்."

"தெரியாதா எனக்கு?"

அவள் போத்தலின் மூடியை இறுக்கினாள். "அப்பா... அங்க வச்சு என்னைய மகள்னு கூப்பிடாதீங்க. கேகாலை டவுன்லதான் வீடுன்னு சொல்லியிருக்கேன்."

"சரி" என்றார்.

ஆனாலும் மகள் வேலை செய்கிற இடமாயிற்றே என்று, பால் எடுத்தவுடன் பீலித் தண்ணீரில் கைகால் கழுவி, வேலைச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் எஸ்தரிடம் ஏதோ சொன்னார். யோசப்புக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். "இந்தக் கிழவன் மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கிறான். கிழிந்த சட்டை இல்லையா?"

எஸ்தர் வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினாள்.

"அங்கிள், அந்த வேலைச் சட்டையைப் போட்டுக்கிறீங்களா?"

யோசப் எழுந்து மரத்துக்குப் பின்னால் போனார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்துக் கல்லின்மேல் வைத்தார். பால் காய்ந்து அட்டை மாதிரி விறைத்துக் கிடந்த பழைய சட்டைக்குள் கையை நுழைத்தார். அங்கிள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அவள் அம்மா பாம்பு கடித்துச் செத்தபோது, ஆறு வயதுப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பால் வெட்டியவரை.

கடைசிப் படத்துக்கு இலை போதவில்லை என்று எஸ்தர் மேட்டுக்குப் பொறுக்கப் போனாள். படம் பிடிக்கும் அப்ஹம் கொழும்புப் பையன். மாப்பாலை ஒருதரம் ஊற்றவைத்துக் கமராவுக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மேடம், இது தண்ணி மாதிரி ஓடுது. கெட்டியா விழணும்."

மேடத்தின் கண் யோசப்பின் வாளிக்குப் போனது. "சீயே, அதையே ஊத்துங்க." சீயே என்றால் சிங்களத்தில் தாத்தா.

அப்ஹம் தயங்கினான். "அங்கிள், இது உடுப்புல பட்டா போகுமா?"

யோசப் பொண்ணின் சேலையைப் பார்த்தார். பால் நிறப் பட்டு. மேட்டுப் பக்கம் பார்த்தார். எஸ்தரின் முதுகுதான் தெரிந்தது.

"கழுவினா போயிரும்" என்றார்.

சிரட்டையை வாளிக்குள் முக்கி எடுத்து ஊற்றினார். பால் கனமாக விழுந்து, பொண்ணு விரலிடுக்கில் வழிந்து, முந்தானையிலும் மடிப்பிலும் இறங்கியது. "சூப்பர் அங்கிள், இன்னொருக்கா!" என்றான் அப்ஹம். இன்னொருக்காவும் ஊற்றினார்.

நிறம் நிறத்தோடு சேர்ந்துபோனதால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. சாமான்களை வேனில் ஏற்றும்போதுதான், சேலையை மடித்த எஸ்தரின் கை நின்றது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்த இடத்தில் தவிட்டு நிறத்தில் திட்டுத் திட்டாக இறுகியிருந்தது.

மேடம் கத்தினார். "தோட்டம், தோட்டம் என்று நீதானே கூட்டி வந்தாய்? அந்தக் கிழவன் கழுவினால் போகும் என்றான்!"

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். யோசப் வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பார்வை அவர் முகத்தில் எவ்வளவு நேரம் நின்றதென்று அவருக்குத் தெரியாது. அவர்தான் முதலில் குனிந்தார்.

"அவருக்கு என்ன தெரியும் மேடம்" என்றாள் சிங்களத்தில். "படிக்காத மனுஷன். பிழை என்னுடையதுதான்."

"அப்படியென்றால் இந்தச் சேலையை நீயே வைத்துக்கொள். நாளையிலிருந்து வரவேண்டாம்."

வேன் போயிற்று. யோசப் திரையத் தொடங்கிய பாலோடு ஸ்டோர்ப் பக்கம் நடந்தார்.

எட்டு நாள் கழித்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் கங்காணி சுஜன் போனை நீட்டினான். "யாரு கைன்னு தெரியுதா மாமா?"

சிவந்த இலை, தொங்கும் சிரட்டைகள், கெட்டியாக விழும் பால். படத்தில் மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட ஒரு கறுத்த கை.

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"ஜோடிச்சது யாருன்னு. அந்த மேடத்தோட பேரு."

"வேற பேரு?"

"பொண்ணு, மாப்பிள்ளை, படம் பிடிச்சவரு. அவ்வளவுதான்."

சுஜன் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வேலைக்கு வந்தவர்களின் பேரைச் செக்ரோலில் எழுதினான். யோசப், ஏழாம் நம்பர். எஸ்தர், ஏழாம் நம்பர்.

மலையில், அடுத்த மர வரிசையில் எஸ்தர் வெட்டிக்கொண்டிருந்தாள். பழகாத கை, கத்தி பட்டையில் ஆழமாகப் போயிற்று. இடுப்பில், வேலைக்குக் கட்டும் சாக்குக்குப் பதிலாக அந்தப் பட்டுச் சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். கறை இப்போது நன்றாகக் கறுத்திருந்தது.

பத்து மணிக்குப் பால் எடுக்கும்போது அவர் சிரட்டையைத் தவறவிட்டார். கையெல்லாம் பால். எஸ்தர் பக்கத்தில் வந்து, இடுப்பில் செருகியிருந்த இன்னொரு துண்டை உருவி நீட்டினாள். ஜரிகைக் கரையோடு இருந்தது.

"இந்தாங்கப்பா. துடைச்சுக்கங்க."

யோசப் அதை வாங்கிக்கொண்டார். அவள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். ஒரு கையில் துண்டைப் பிடித்தபடி அவர் நின்றார். இன்னொரு கையில் பால் விரலோடு விரலாக ஒட்டி மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.