பழைய அட்டையின் கடைசி வரி

அக்கா கடைசி வரியை ஒரு தப்பில்லாமல் படித்தாள். ஆனால் அது போன மாதம் நான் கழற்றிப் போட்ட பழைய அட்டையின் கடைசி வரி. சுவரில் இப்போது தொங்குவது வேறு.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. அக்கா இருபத்திரண்டு வருஷமாகக் கால்வாயில் பயணிகள் படகு ஓட்டுகிறாள். அவளுடைய உரிமத்தைப் புதுப்பிக்க, பார்வை சரியாக இருக்கிறதென்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நாளைதான் கடைசி நாள். எத்தனையோ மதியங்களில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பழைய அட்டைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் அவள். மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்? விளக்கைப் போட்டுக் கண்ணுக்குள் பார்த்தேன். கண்ணாடி மாற்றினால் தீருகிற குறை இல்லை.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது குடும்பத்துக்கே தெரியும். அன்றைக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. படகை விட்டால் அக்காவுக்கு வேறு எதுவும் தெரியாது. படிவத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "கரையோரமா கொஞ்சம் நடந்துட்டு வருவோமா?" என்றேன்.

படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த காலத்துப் பாதை அது. வெயில் சாய்ந்திருந்தது. அக்கா நடந்தாலும் படகின் வேகம்தான், அவசரப்படுத்தினால் முறைப்பாள். நானும் அவள் வேகத்துக்கு இறங்கி வந்தேன். பத்து நிமிஷத்தில் நாங்கள் நடக்கிறோமா, கரை எங்களைக் கடந்து போகிறதா என்றே தெரியவில்லை.

முதல் பாலம் வந்ததும் அக்கா சட்டென்று குனிந்தாள். தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு இடம் இருந்தது.

"என்னடி சிரிக்கறே? பழக்க தோஷம்."

பாலத்தின் அடிப்பக்கத்தில் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு எனக்கு ஊர் காட்டினாள்.

"சோப்பு வாசனை வருதா? சலவைக்கடையோட பின்வாசல். அடுத்து மரக்கிடங்கு வரும். அங்க தண்ணி வலப்பக்கமா இழுக்கும், ரெண்டு விரல் அளவுக்குத் திருப்பினா போதும்."

சொன்னபடியே மரத்தூள் வாசனை வந்தது. இவளுக்குக் கண் எதற்கு என்று தோன்றிவிட்டது எனக்கு. அந்த நினைப்பு சுகமாக இருந்தது. கால்வாய் முழுக்க அவள் உடம்பிலேயே இருக்கிறது. ஒரு கையெழுத்தால் யாருக்கு என்ன கெட்டுவிடும்?

மூன்றாவது பாலத்துக்கு முன்னால் ஒரு கல் பெஞ்சு. உட்கார்ந்தோம். படிவத்தை மடியில் விரித்து, பேனா மூடியைத் திறந்தேன். அக்கா அதைக் கவனிக்காதவள்போல் தண்ணீரைப் பார்த்தாள்.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் இது. இந்தப் பாலத்துக்கு அடியிலதான் படகைத் திருப்புவேன். பாரு, எவ்வளவு அமைதியா கெடக்கு. ஈ காக்கா இல்ல."

நிமிர்ந்து பார்த்தேன். பாலத்தின் நிழலில் ஒரு சின்னப் படகு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. துடுப்புகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பேனாவை மூடினேன்.

"அக்கா, அங்க ஒருத்தர் படகுல தூங்கறார்."

"எங்க?"

"பாலத்துக்கு நேர் கீழே. நீ திருப்பற இடத்துல."

அக்கா முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, ஓரக்கண்ணால் தேடினாள். நிழலைத்தான் பார்த்திருப்பாள்.

"இப்பதான் வந்தாரா?"

"நாம உட்காரும்போதே இருந்தார்."

அக்கா கையை நீட்டித் தடவி என் மடியிலிருந்த படிவத்தை எடுத்து, நான்காக மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"போடாதே."

அப்போதுதான் வந்தது எனக்குக் கோபம். "எத்தனை மாசமா இப்படி? பழைய அட்டையை ஒப்பிச்சியே, என்னை மடச்சின்னு நெனச்சியா? யார்கிட்ட மறைக்கறே நீ?" கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது.

அக்கா என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள்.

"மெதுவாப் பேசு," என்றாள். "அவர் தூங்கட்டும்."