அணையைத் திறக்காத இர்பானா

தில்லை நகர்க் கல்லூரி ஒன்றின் கூடத்தில் மாதிரி ஐ.நா. சபை நடந்துகொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள்தான் நாடுகள். நிஜ நாடுகளை வைத்தால் வீண் வம்பு என்று அமைப்பாளர்கள் கற்பனை நாடுகளைக் கொடுத்திருந்தார்கள். மெரா என்று ஓர் ஆறு. மேலே ஆர்வியா, நடுவில் கெசான், கீழே தெல்மா. மழை பொய்த்த வருடம். ஆர்வியாவின் அணையிலிருந்து தெல்மா தண்ணீர் கேட்கிறது. பேசித் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானாம்! காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைகளிடம் போயா ஆற்றுத் தகராறைக் கொடுப்பார்கள்? எந்த நாட்டு அட்டையைப் பிடித்திருந்தாலும் வாய் கீழ்ப்பக்கத்துக்கே பேசியது. கெசானுக்குக் குடிக்கவே தண்ணீர் இல்லை என்று குறிப்பில் அச்சடித்திருந்தது. அதன் பிரதிநிதி கலையரசன் எழுந்து, "எங்கள் பங்கையும் தெல்மாவுக்கே தருகிறோம்!" என்று முழங்கினான். ஒரே கைதட்டல். தலைமை நாற்காலியில் இருந்த கல்லூரி மாணவன் பிரிட்டோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

அடுத்துப் பேச வேண்டியது ஆர்வியா. அந்த அட்டை இர்பானாவின் முன்னால் இருந்தது.

சிறந்த பிரதிநிதிக்குப் பரிசு உண்டு; அவள் படிக்காமல் வரவில்லை. ஆர்வியாவின் கஷ்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் எதிரே தெல்மாவாக உட்கார்ந்திருந்தவள் சுபஸ்ரீ. ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். சுபஸ்ரீயின் அப்பாவுக்கு லால்குடிப் பக்கம் வாய்க்கால் பாசன நிலம். இந்த வருடம் நடவே இல்லை. போன மாதம் இர்பானா அங்கே போனபோது, வெடித்துக் கிடந்த வயலையே பார்த்தபடி அவர் நின்றிருந்தார். அவர் மகளிடம் தண்ணீர் தர மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் நாளைக்கு அவள் பக்கத்தில் உட்காருவாளா? யா அல்லாஹ், பரிசாவது மண்ணாங்கட்டியாவது, அவள் இல்லாமல் எப்படி ஸ்கூலுக்குப் போவேன் என்று இர்பானாவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

சபையில் பிரதிநிதிகள் தங்களுக்குள் பேசக்கூடாது. சீட்டு எழுதித்தான் அனுப்பலாம். 'கவலப்படாத. திறந்து விட்டுடுறேன்' என்று எழுதி அனுப்பினாள்.

பதில் சீட்டு உடனே வந்தது. 'லூசாடி நீ? எங்க அப்பா வருஷா வருஷம் மேல இருக்கிறவங்களைத் திட்டுறாரு. அவங்க பக்கம் என்னன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீயாவது சொல்லு. ஒழுங்கா சண்டை போடு.'

இர்பானா எழுந்தாள்.

"மதிப்புக்குரிய தலைமைக்கு வணக்கம். ஆர்வியா அணையைத் திறக்காது."

"அடிப்பாவி!" என்றது பின்வரிசை. கலையரசன் முறைத்தான். அவள் நிறுத்தவில்லை. அணை பாதிகூட நிரம்பவில்லை என்றாள். இதைத் திறந்துவிட்டால் மலை ஊர்கள் கோடைக்குள் காலியாகிவிடும் என்றாள். குரல் போகப் போகத் தெளிந்தது.

கேள்வி கேட்க சுபஸ்ரீ அட்டையை உயர்த்தினாள்.

"உங்கள் நாட்டில் விதைத்தார்களா?"

"சாமை விதைத்தார்கள். முளைக்கவில்லை."

"அப்புறம் அவங்க என்ன பண்ணாங்க?" சபைத் தமிழ் அவளிடமிருந்து நழுவியிருந்தது.

"வேலை தேடி டவுனுக்கு இறங்கிட்டாங்க."

சுபஸ்ரீ உயர்த்திய அட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்க அப்பாவும்தான்" என்றாள். "போன வாரத்துலேருந்து இங்கதான், பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில செக்யூரிட்டியா நிக்கிறாரு."

சொந்தக் கதை பேசக்கூடாது என்பது விதி. பிரிட்டோ சுத்தியலை எடுத்தான், தட்டாமல் வைத்துவிட்டான். தினமும் பக்கத்தில் உட்காருபவள் இதை இர்பானாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

இருக்கிற தண்ணீரை அளந்து பற்றாக்குறையை மூன்று நாடுகளும் பங்கு போட்டுக்கொள்ளும் என்று ஒரு தீர்மானம் எழுதினார்கள். முன்மொழிந்தவை ஆர்வியாவும் தெல்மாவும். கலையரசன்கூடக் கை தூக்கினான்.

சபை கலைந்ததும் இர்பானா பையை மெதுவாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. சுபஸ்ரீ வந்து பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பஸ்ஸுக்கு அந்த ஆஸ்பத்திரி வழியா போலாம்டி" என்றாள். "மேல இருக்கிறவங்க என்ன சொன்னாங்கன்னு நீயே அப்பாகிட்ட சொல்லு."