பூட்டு தொங்கிய கதவு

மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் அவளுக்குத் தம்பியிடமிருந்து போன். சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இன்று மாலைதான் கடைசி. வருஷத்துக்கு ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம்.

கோர்ட் சம்மனை வீடு தேடிப் போய்க் கொடுப்பது அவள் வேலை. அந்த வேலையை விடாமல் படிக்க வேண்டுமென்றால் மாலை வகுப்புக் கல்லூரி ஒன்றுதான் வழி. அங்கே போன வருஷம் சேர்ந்தவர்களின் நடு மதிப்பெண் 158. நுழைவுத் தேர்வில் அவள் எடுத்தது 152.

தம்பி டியூஷன் வாத்தியார். எதையும் சதவீதமாக மாற்றாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. நூற்றுக்குப் பதினைந்துதான் வாய்ப்பு, பேசாமல் பகல் கல்லூரிக்குப் போடு, அங்கே சீட் நிச்சயம் என்றான். இல்லை, மாலைக் கல்லூரிதான் என்றால், தேர்வன்று காய்ச்சல் என்றாவது விண்ணப்பக் கட்டுரையில் எழுது என்றான்.

"நடுன்னா, பாதிப் பேர் அதுக்குக் கீழதானேடா?"

"கீழதான். ஆனா அவங்க கையில வேற ஏதாவது இருந்திருக்கும். உன் கையில என்னக்கா இருக்கு?"

போனை வைத்தாள்.

எதிரே கதவில் பெரிய பூட்டு. ஆபீஸில் மற்றவர்கள் என்றால் கேன்டீனில் உட்கார்ந்தபடியே 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவள் பேனாவும் ஒரு நொடி வெளியே வந்தது. பிறகு, வழக்கம்போல, தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள்.

கதவுக்குப் பக்கத்தில், அதே வீட்டு ஜன்னல் திறந்தது. பனியனோடு, சம்மனில் பெயர் இருந்த மனிதர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பூட்டு தொங்குறது கண்ணுக்குத் தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது சார். தட்டாம போய்ப் பழக்கமில்லை. இங்க கையெழுத்துப் போடுங்க."

படிக்கட்டிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போனில் திறந்தாள். காய்ச்சல் வரவில்லை, மதிப்பெண் என்னுடையதுதான் என்று தொடங்கி, ஒரு கதவையும் தட்டாமல் 'பூட்டியிருந்தது' என்று எழுதியதில்லை என்பதைச் சொல்லி, அந்தக் கதவுகளுக்குப் பின்னால் பார்த்த வழக்குகளை எழுதினாள். மாலைக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாள்.

போனில் சொன்னதும் தம்பி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "நூத்துக்குப் பதினஞ்சுதான்க்கா. வெறும் பதினஞ்சு."

"பதினஞ்சு பேருக்குக் கதவு திறக்குது இல்ல?"

அடுத்த சம்மனை எடுத்தாள். அதே கட்டடம், ஆறாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.