அம்மாவுக்கு ஏலாது

1

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஞாயிறு பதிப்புக்கு அரைப்பக்கம் கேட்டிருந்தார்கள்: ஜொகூரின் கிழக்குக் கரையில் ஜோடிகள் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள். பாறை, அலை, அந்தி வானம், பக்கத்தில் நல்ல சாப்பாடு. கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது என்று ஆசிரியருக்கு நினைவுபடுத்தினேன். “பரவால்ல சார், உதயம்னு போட்டுக்குங்க,” என்றார். அப்படித்தான், தலை நரைத்த மனிதனாகிய நான், மனைவியை வீட்டில் விட்டுவிட்டுக் காதலர் தலங்களைப் பார்வையிடக் கிளம்பினேன். (பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.)

தஞ்சோங் பாலாவில், பாறைகளுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசையில் ஒரு ஜோடி. அந்தப் பெண், “அலமாக், சம்பல் பத்தாதுலா,” என்று கடைக்காரரிடம் வம்பு பண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு அவனிடம் ஏதோ கேட்டாள். கேள்வி என் காதில் விழவில்லை. பதில் விழுந்தது.

“அம்மாவுக்கு ஏலாது. பேந்து பாப்பம்.”

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். அதன்பிறகு அதை எடுக்கவில்லை. அழவில்லை, சத்தம் போடவில்லை. இருவரும் எழுந்து பாறைப் பக்கம் நடந்தார்கள்.

என் கையில் இருந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் சேர்த்தது. பெயர்களும்கூட.

2

தொடக்கத்துக்கு நிறைய நேரம் போயிற்று. கிழித்தெறிய மனமில்லாததால் இங்கேயே வைக்கிறேன்.

நீலக்கடலின் மடியில் இரு உள்ளங்கள் —

வேண்டாம். அன்று கடல் நீலமாக இல்லை. முந்தின நாள் மழையில் கலங்கி, தே தாரிக் பால்தேநீரின் நிறத்தில் இருந்தது.

அவனை விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் லோஷினி அன்று —

இது பொய். அவள் முடிவோடு வரவில்லை. கேள்வியோடு வந்தாள்.

ஆகவே இப்படி: லோஷினி கெலாங் பாத்தாவிலிருந்து புறப்பட்டபோது அவள் அம்மா கிருஷ்ணம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எப்ப வீட்டுக்கு வந்து பேசுவாங்கன்னு கேளு. ஒருதடவ கேளு. ரெண்டாந்தடவ வாயத் தொறக்காத. தொறந்தா நம்ம கெஞ்சுற மாதிரி ஆயிடும்.”

“சரிமா.”

“அவங்கம்மா வரமாட்டாங்கன்னு சொன்னா?”

“அப்ப இதோட முடிச்சிக்கிறேன். போதுமா?”

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவளுக்காக ஒரு கார் எஞ்சின் அணையாமல் நின்றது. உள்ளே செந்தூரன், தங்காக் ஊர்ப் பையன், நில அளவை வேலை. இலங்கையிலிருந்து வந்த குடும்பம். பாட்டன் காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். லோஷினியின் பாட்டன் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். அப்பா தொழிற்சாலை. அவள் அதே மாதிரி ஒரு தொழிற்சாலையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். மூன்று வருடமாக இவர்கள் இருவருக்கும் இந்தக் கணக்கெல்லாம் குறுக்கே வரவில்லை. மூவாரில் ஒரு கல்யாண வீட்டில் மட்டும், செந்தூரனின் அத்தை ஒருத்தி யாரிடமோ கேட்டது லோஷினியின் காதில் விழுந்தது: “பெடியன் கூட்டிக்கொண்டு வந்தது தோட்டத்து ஆக்களோ?” கேட்ட அதே அத்தை அடுத்த நிமிடம் சிரித்த முகத்தோடு அவள் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள். லோஷினி வடையைச் சாப்பிட்டாள். செந்தூரனிடம் சொல்லவில்லை.

செந்தூரன் அவளிடம் பேசுவது அவளுடைய தமிழ்தான். ‘போலாம்’, ‘வாங்க’, இடையிடையே ‘லா’. வீட்டுத் தமிழ் வெளியே வருவது மனசு சரியில்லாத நேரத்தில் மட்டும். அவனுக்கே அது தெரியாது.

ஆகவே அவள் கடையில் கேட்டாள். “உங்கம்மா எப்ப எங்க வீட்டுக்கு வர்றாங்க?” அவன் கடலைப் பார்த்தபடி அந்த வாக்கியத்தைச் சொன்னான். பேந்து என்றால் பிறகு, அது அவளுக்கும் தெரியும்.

முடியாது. அம்மாவுக்கு முடியாது. லோஷினிக்கு அது அப்படித்தான் கேட்டது. அந்த அத்தையின் குரலும் சேர்ந்து கேட்டது.

3

காரில் வந்தவர்கள் காதலை முறித்துக்கொள்வதில் ஒரு சங்கடம் உண்டு. வீடு திரும்பவும் அதே கார்தான். அதுவும் அவனுடைய கார். பஸ் எப்போது வரும் என்று கடைக்காரரிடம் கேட்கலாமா என்றுகூட லோஷினி ஒரு கணம் யோசித்தாள். பிறகு பாறைகளைப் பார்த்து நடந்தாள். நடப்பதற்கு வேறு இடம் இல்லை.

கடல் உள்வாங்கியிருந்த நேரம். அடுக்கடுக்காக, கோணல்மாணலாக, கறுப்பும் செம்பும் கலந்த பாறைகள். இடுக்குகளில் தேங்கிய தண்ணீர். எங்கே பார்த்தாலும் ஜோடிகள். செல்பி எடுப்பவர்கள், ஒருவர் செருப்பை மற்றவர் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். ஒரு மலாய்க் கல்யாண ஜோடி முழு அலங்காரத்தில் பாறை உச்சியில் நின்றது. காற்று மணப்பெண்ணின் முக்காட்டைத் தூக்கித் தூக்கி மாப்பிள்ளையின் முகத்தில் அடித்தது. புகைப்படக்காரர் நொந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார்.

“அபாங், தோலோங்!” என்று செந்தூரனை உதவிக்குக் கூப்பிட்டார். பிறகு லோஷினியையும்.

முக்காட்டின் ஒரு நுனியை அவன் பிடித்தான். மறு நுனி அவள் கையில். நடுவில் காற்று நிரம்பிய வெள்ளைத் துணி.

“கெட்டியா பிடி, பறந்துரும்,” என்றான்.

“நீங்க பிடிச்சிருக்கிறத நீங்க பாத்துக்குங்க.”

“என்ன, திடீர்னு நீங்க?”

“மரியாதை.”

“மரியாதையா? நேத்து வரைக்கும் எரும மாடுன்ன.”

“எரும மாட்டுக்கு வாயில்ல. அதனால பாவம்னு விட்டுடலாம்.”

மணப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ புரிந்து சிரித்தாள். “சத்து லாகி!” என்று புகைப்படக்காரர் இன்னொன்று கேட்டார்.

செந்தூரன் குரலைத் தாழ்த்தினான். “நான் சொன்னதுக்கு நீ ஒண்ணுமே சொல்லல.”

“என்ன சொல்லணும்? அதான் சொல்லிட்டீங்களே.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“நான் ஒருதடவதான் கேப்பேன்.”

அவன் முகம் எப்படியோ ஆயிற்று. துணியை விடவில்லை, அவ்வளவுதான். லோஷினி அந்த முகத்தைப் பார்த்தாள். குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டாள்.

நன்றிக்காகப் புகைப்படக்காரர் அவர்களையும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார், லோஷினியின் கைப்பேசியிலேயே. நெருங்கி நில்லுங்கள் என்று கையைக் காட்டினார். நெருங்கி நின்றார்கள். பழக்கம் சிரிக்க வைத்தது. படம் நன்றாக வந்திருந்தது. அழிக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

(முதல் வரைவில் கதை இங்கே முடிந்திருந்தது. அவள் அழிக்கும் பொத்தானில் விரலை வைப்பதாகக் கடைசி வரி. எனக்குத் திருப்தியாகவே இருந்தது. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.)

4

எங்கள் பத்திரிகையில் மெய்ப்புப் பார்ப்பவர் சுபத்திரா. மூவார்க்காரர், பழைய இலங்கைக் குடும்பம். அச்சுக்குப் போகும் முன் அவருக்கு அனுப்பி வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

“சார், நல்லா இருக்கு. அந்தப் புள்ளயத்தான் கல்லு மனசா எழுதிட்டீங்க.”

“லோஷினியையா? அவதானம்மா அடிபட்டவ.”

“அடியா? பையன் அம்மாவுக்குச் சுகமில்லன்னு சொல்றான். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காம எழுந்து போறா. அவனே வாய்விட்டுக் கேக்குறான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லன்னு. அதுக்கும் வெடுக்குன்னு பேசுறா.”

“யாருக்குச் சுகமில்ல?”

“அம்மாவுக்கு ஏலாதுன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க!”

சோற்றுக் கையோடு உட்கார்ந்திருந்தேன். சுபத்திரா சிரிக்க ஆரம்பித்து, பிறகு நிறுத்தினார். “ஐயோ சார். எங்க வீட்ல அம்மாவுக்கு ஏலாதுன்னா உடம்புக்கு முடியலன்னு அர்த்தம். மாட்டேன்னு சொல்றதுக்கும் அதே சொல்லுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு மகன் அப்படி மொட்டையா சொன்னா, நான் ஆஸ்பத்திரியத்தான் நினைப்பேன்.”

நம் வீட்டிலும் ‘முடியல’ என்றால் இரண்டும்தானே. எனக்கு ஏன் தோன்றவில்லை? நேர்மையாகப் பதில் சொன்னால்: இலங்கைக் குடும்பத்துப் பையன், தோட்ட வம்சத்துப் பெண் என்று என் காது முதலிலேயே பிரித்து வைத்துவிட்டது. பிரித்த பிறகு அது மறுப்பைத் தவிர வேறு எதையும் கேட்கத் தயாராக இல்லை. அந்த மறுப்புக்குச் சாட்சி வேண்டும் என்று ஓர் அத்தையையும் உண்டாக்கி, அவள் கையில் வடையையும் கொடுத்தேன்.

ஆனால் நான் உண்டாக்காத ஒன்றும் உண்டு. அந்தக் கரண்டி. அதை அந்தப் பெண் நிஜமாகவே வைத்தாள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவள் காதும் என் காதைப் போலத்தான் என்றால்? அம்மா படுத்துவிட்டாள் என்று ஒருவன் தன் மனதைத் திறந்து சொல்லியிருக்கிறான். இவள் என்னவென்றும் கேட்கவில்லை என்று அவன் இன்றும் மறுகிக்கொண்டிருந்தால்?

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் தஞ்சோங் பாலாவுக்குப் போனேன். அதே மேசை. கட்டுரைக்கு இன்னும் விவரம் தேவை என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். வேறு ஜோடிகள் வந்தார்கள், போனார்கள். அவர்கள் வரவில்லை. ஏன் வரப்போகிறார்கள்?

திரும்பும் வழியில் சுபத்திராவைக் கூப்பிட்டேன். கதையைத் திருத்திவிடுகிறேன், அவன் விளக்கமாகச் சொல்லிவிடட்டும், சேர்ந்துவிடட்டும் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

“அவன் எப்படி சார் விளக்குவான்? அது அவளுக்கு விளங்காத சொல்லுன்னே அவனுக்குத் தெரியாதே. அதோட இன்னொண்ணு. அம்மாவுக்கு நிஜமாவே ஏலாதா, இல்ல இந்தச் சம்பந்தம் பிடிக்காம ஏலாமப் போச்சா? எங்க பெரியம்மா ஒவ்வொரு கல்யாணப் பேச்சுக்கும் பாய விரிச்சுப் படுத்துடுவாங்க. டாக்டருக்கே கண்டுபிடிக்க முடியல.”

“அப்ப லோஷினிக்குக் கேட்டதும் சரியா இருக்கலாம்?”

“இருக்கலாம். அவ கேட்டாத்தானே தெரியும்.”

5

ஆகவே அவர்களைக் காரில் ஏற்றுகிறேன். வேறு வழியில்லை.

நெடுஞ்சாலையில் இருபுறமும் எண்ணெய்ப்பனை. ஜொகூர் ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறும்போது மழை பிடித்தது. லோஷினி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். செந்தூரன் வானொலியைப் போட்டான், ஒரு காதல் பாட்டு வந்தது, அணைத்துவிட்டான்.

முடிவுகள் என் மேசையில் இருக்கின்றன.

ஒன்று: பாலத்தின் நடுவில் அவன் கைப்பேசி ஒலிக்கிறது. கார் ஒலிபெருக்கியில் அம்மா பேசுகிறாள். இருமுகிறாள். “லோஷினி பக்கத்தில இருக்கிறாளோ?” என்று கேட்கிறாள். லோஷினிக்கு எல்லாம் விளங்கிவி — வேண்டாம். எனக்கு வசதியான நேரத்தில் இருமுவதற்கு ஒரு தாயை நான் பயன்படுத்த மாட்டேன்.

இரண்டு: அவர்கள் பிரிகிறார்கள். சில மாதங்கள் கழித்து லோஷினி எங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தைப் புரட்டும்போது தங்காக் முகவரியோடு ஓர் அம்மாவின் — இல்லை. இதை எழுதிய கையை எனக்கே பிடிக்கவில்லை.

மூன்று: அவள் கேட்கிறாள், அவன் சொல்கிறான், அடுத்த வாரமே அந்த அம்மா எழுந்து, ஒரு தட்டில் பழங்களோடு கிருஷ்ணம்மாவின் கேட்டுக்கு முன் வந்து நிற்கிறாள். எனக்கு ஆசைதான். ஆனால் சுபத்திராவின் பெரியம்மா விரித்த பாய் குறுக்கே கிடக்கிறது.

என்னால் நம்பி எழுத முடிந்தது இதுவரைதான்:

கெலாங் பாத்தா. மழை தூறலாகிவிட்டது. கார் கேட்டுக்கு முன் நிற்கிறது. உள்ளே கிருஷ்ணம்மா ஜன்னல் திரையை விலக்குகிறாள். ஒருதடவ கேளு. லோஷினி கேட்டுவிட்டாள். இனிமேல் கேட்டால் கெஞ்சல். அவள் இருக்கை வாரைக் கழற்றினாள். கதவைத் திறந்தாள். பாதி திறந்த கதவுக்காகக் கார் டிங், டிங் என்று முறையிட ஆரம்பித்தது.

“குடை இருக்கு, எடுத்துக்க,” என்றான் செந்தூரன், முன்னால் பார்த்தபடி.

“வேணாம்.”

“நனைஞ்சு நீயும் ஏலாமக் கிடக்காத.”

ஒரு காலைத் தரையில் வைத்திருந்தவள் நின்றாள். நீயும். அந்தச் சொல் இங்கே எப்படி வந்தது? மழைக்கும் சம்மதத்துக்கும் என்ன சம்பந்தம்? அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலில் அம்மாவின் நிழல் அசையவில்லை. ஏதோ ஒன்று பிடிபடுகிற மாதிரி இருந்தது, பிடிபடவில்லை.

டிங், டிங்.

இறங்கிப் போக ஓர் அடி. கேட்கவும் ஒரு வரிதான். ஆனால் அது இரண்டாந்தடவை.

இந்தக் காரில் இப்போது என்னைத் தவிர மூன்று பேர் இருக்கிறீர்கள். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் தெரிந்தவர் பின்னிருக்கையில் இருக்கும் வாசகராகிய நீங்கள் ஒருவர்தான். நான் இறங்கிக்கொள்கிறேன், நான் பேசினால் கதையாகிவிடும். நீங்கள் பேசலாம். ஒருவேளை அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், வேறு பெயரில், உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில்: தஞ்சோங் பாலாவில் கரண்டியைக் கீழே வைத்தவள், சம்பல் பத்தாது என்றவள்.

அவள் வாயைத் திறக்கிறாள். ‘நீங்க’ போய்விட்டது, அது மட்டும் எனக்குக் கேட்கிறது.

“செந்தூ, உங்கம்மாவுக்கு —”